பையன் கணக்குல புலியா? 'பவுண்டேஷன்' வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கெங்குவார்பட்டி:

"உங்க பையன் கணக்குல புலி. 6-ம் வகுப்புலயே பவுண்டேஷன்ல போட்டுட்டா பின்னாடி ஐ.ஐ.டி.தான்" என்று யாராவது சொன்னால் எந்த பெற்றோருக்கும் மனசு பறக்கத்தான் செய்யும். கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி, பெரியகுளம் பகுதிகளில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு வேலைக்கும், கட்டிட வேலைக்கும் போய்த்தான் பலர் பிள்ளைகளை படிக்க வைக்கிறார்கள். அவர்களுக்கு இது சின்ன முடிவு அல்ல. பணமும் போகும், பிள்ளையின் 7 வருஷமும் இதில் அடங்கியிருக்கிறது.

சேர்ப்பதா, வேண்டாமா? அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் தெரிந்து கொள்ள வேண்டிய விவரங்கள் வருமாறு:-

எது வேக வகுப்பு?

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக் கொள்ள வேண்டும். நம்ம ஊர்ப் பக்கம் 3 விஷயங்களை ஒன்றாக போட்டு குழப்பிக் கொள்கிறார்கள்.

முதலாவது அபாகஸ். மணிச்சட்டத்தை மனசில் வைத்துக் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கலை மின்னல் வேகத்தில் போடும் பயிற்சி. இதில் பிள்ளைக்கு கை வேகம், கவனம் கூடலாம். ஆனால் அடுத்த வகுப்பு கணக்கு இதில் வராது. அபாகசில் பரிசு வாங்கிய பிள்ளை இயற்கணிதத்திலும் முதலாவதாக வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அந்தக் காலத்தில் கிராமத்து பள்ளிகளில் இருந்த 'டபுள் புரமோஷன்'. நன்றாக படிக்கிற பிள்ளையை ஒரு வகுப்பு தாண்டி உட்கார வைப்பார்கள். இப்போது வயதுக்கு ஏற்ற வகுப்பு என்பதே நடைமுறை.

மூன்றாவதுதான் இப்போது பேசப்படும் 'பவுண்டேஷன்' அல்லது 'இன்டகிரேட்டட்' வகுப்பு. 6, 7-ம் வகுப்பு படிக்கும் போதே 8, 9-ம் வகுப்பு கணக்கையும், 9, 10 படிக்கும் போதே பிளஸ்-1 கணக்கையும் நடத்துவது. பள்ளிப் பாடத்தோடு சேர்த்தோ, காலை மாலை தனி வகுப்பாகவோ நடக்கும்.

கணக்கு ஏன் தனி ரகம்?

சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டுப்போனால் அடுத்த பாடம் புரியும். கணக்கு அப்படி இல்லை. அது ஏணி மாதிரி. ஒரு படி உடைந்திருந்தால் மேல் படியில் கால் வைக்க முடியாது. பின்னம் புரியாதவனுக்கு விகிதம் புரியாது. விகிதம் புரியாதவனுக்கு சதவீதம் வராது. இது மூன்றும் வராமல் எக்ஸ், ஒய் போட்ட இயற்கணிதம் ஏறவே ஏறாது.

வேக வகுப்பில் ஆபத்தும் இங்கேதான். அடிப்படை கெட்டியாக இருக்கும் பிள்ளைக்கு வேகம் நல்லது. ஓட்டை உள்ள பிள்ளையை வேகமாக ஓட்டினால் ஓட்டை பெரிதாகும். பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்து 2 வருஷம் சமாளித்து விடும். மார்க்கும் வரும். பிளஸ்-1 வந்ததும் படுத்து விடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

'நமக்கு படிப்பு தெரியாதே, எப்படி கண்டுபிடிப்பது?' என்று தயங்க வேண்டாம். விடையை விட, பிள்ளை அதை விளக்கிச் சொல்கிறதா என்பதுதான் முக்கியம். கீழ்க்கண்ட 4 கேள்விகளை சாப்பிடும் போது சும்மா கேட்டுப் பார்க்கலாம்.

1. ஒரு தோப்பில் 4 பேர் சேர்ந்து 6 நாளில் காய் பறிக்கிறார்கள். 8 பேர் வந்தால் எத்தனை நாள்? (விடை: 3 நாள். '12 நாள்' என்று பட்டென்று சொன்னால், பிள்ளை யோசிக்காமல் பெருக்குகிறது என்று அர்த்தம்.)

2. மாம்பழம் கிலோ 100 ரூபாய். முதல் வாரம் 20 சதவீதம் விலை ஏறியது. அடுத்த வாரம் 20 சதவீதம் இறங்கியது. திரும்ப 100 ரூபாய் வந்து விடுமா? (வராது. ஏறி 120 ஆகும். அதில் 20 சதவீதமான 24 ரூபாய் குறைந்து 96 ரூபாய்தான் வரும்.)

3. பாதி பெரிசா, மூன்றில் ஒன்று பெரிசா? ஏன்? ('3 பெரிய நம்பர், அதனால மூன்றில் ஒன்றுதான் பெரிசு' என்றால் பின்னத்தில் ஓட்டை இருக்கிறது.)

4. 1-ல் இருந்து 100 வரை எழுதினால் 9 என்ற எண்ணை எத்தனை தடவை எழுத வேண்டும்? (விடை: 20 தடவை. முதலில் 10 அல்லது 11 என்று சொல்லி விட்டு, பிறகு தானே யோசித்து 90-களில் உள்ள 9-களை சேர்த்துக் கொள்ளும் பிள்ளையை கவனிக்க வேண்டும். அதுதான் கணக்கு மூளை.)

7, 8-ம் வகுப்பு பிள்ளை முதல் 3 கேள்விக்கும் காரணத்தோடு பதில் சொன்னால் அடிப்படை பரவாயில்லை. நாலாவது கேள்வியை விடாமல் பிடித்துக் கொண்டு, 'இன்னொண்ணு கேளுங்க' என்று வந்தால் அந்த பிள்ளைக்கு கூடுதல் தீனி தேவை. பதில் தப்பானாலும் கவலை இல்லை. ஓட்டை எங்கே என்று தெரிந்து விட்டதே!

அதோடு பள்ளியில் கணக்கு வாத்தியாரையோ, டீச்சரையோ நேரில் பார்த்து, 'சார், பிள்ளை வகுப்புல போரடிச்சு உட்கார்ந்திருக்கா? இல்ல கஷ்டப்பட்டு மார்க் வாங்குதா?' என்று கேட்க வேண்டும். 95 மார்க் வாங்கும் 2 பிள்ளைகளில் ஒன்று விளையாட்டாக வாங்கும். இன்னொன்று ராத்திரி 11 மணி வரை எழுதி எழுதி வாங்கும். வேக வகுப்பு முதல் பிள்ளைக்குத்தான்.

ராமானுஜன் வாழ்க்கை சொல்வது என்ன?

கணக்கு என்றதும் நம்ம ஆட்கள் சொல்வது கணித மேதை ராமானுஜன் பெயரைத்தான். 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கில் மூழ்கிய அவர் மற்ற பாடங்களை கோட்டை விட்டார். கும்பகோணம் அரசு கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை அதனால் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போன பிறகுதான் உலகம் அவரை கொண்டாடியது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1920-ல் 32 வயதிலேயே மறைந்தார்.

இதில் பெற்றோருக்கு 2 பாடம் இருக்கிறது. ஒன்று, உண்மையான திறமைக்கு கூடுதல் தீனி போட ஆள் வேண்டும். மற்றொன்று, கணக்கு ஒன்றை மட்டும் பிடித்துக் கொண்டு தமிழ், ஆங்கிலத்தை கைவிட்டால் படிப்பு பாதியில் நிற்கும்.

வெளிநாட்டு அனுபவம்

ஆஸ்திரேலியாவில் பிறந்த டெரன்ஸ் டாவோ 8 வயதிலேயே பிளஸ்-2 மாணவர்கள் எழுதும் அமெரிக்க நுழைவுத்தேர்வின் கணக்கு பகுதியில் 800-க்கு 760 வாங்கியவர். சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் 1986-ல் வெண்கலம், 1987-ல் வெள்ளி, 1988-ல் தங்கம் வென்றார். 2006-ல் கணிதத்தின் மிகப்பெரிய விருதான பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். இவரை பெற்றோர் எல்லா பாடத்திலும் ஒரேயடியாக மேலே தள்ளவில்லை. கணக்குக்கு ஒரு வகுப்பு, மற்ற பாடங்களுக்கு வேறு வகுப்பு என்று ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை நிற்கும் இடத்தை பார்த்து உட்கார வைத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் 1971-ல் ஒரு ஆய்வை தொடங்கினார். கணக்கில் மிகச் சிறந்த 12, 13 வயது பிள்ளைகளை தேர்ந்தெடுத்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வேகமாக மேல் பாடம் படித்த அந்த பிள்ளைகள் 50 வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்ததில், மனநலம் கெட்டதாக எந்த அடையாளமும் இல்லை என்று தெரிய வந்தது. அதாவது தகுதியான பிள்ளையை வேகமாக படிக்க வைத்தால் பிள்ளை கெட்டுப் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் சார்லட் பகுதியில் 2002-ம் ஆண்டு வாக்கில், சுமாராக படிக்கும் பிள்ளைகளையும் 8-ம் வகுப்பிலேயே இயற்கணித வகுப்பில் சேர்த்தார்கள். அப்படி முன்கூட்டியே சேர்க்கப்பட்டவர்களின் மதிப்பெண் குறைந்தது. அடுத்த கட்ட கணக்கு பாடங்களில் தேறுவதும் குறைந்து போனது. அதனால் அந்த முறை தொடர்ந்து நீடிக்கவில்லை.

சான்பிரான்சிஸ்கோ நகரில் நேர் எதிராக செய்தார்கள். 2014-ல் 8-ம் வகுப்பில் இயற்கணிதமே கிடையாது, எல்லோரும் 9-ம் வகுப்பில்தான் படிக்க வேண்டும் என்றனர். பெற்றோர் கொதித்தனர். 2024 மார்ச் மாதம் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மை மக்கள் 'மறுபடி கொண்டு வாருங்கள்' என்று ஓட்டு போட்டனர். எல்லோரையும் தள்ளுவதும் தப்பு, எல்லோரையும் தடுப்பதும் தப்பு என்பதே இந்த 2 ஊர்களின் அனுபவம்.

பள்ளி மாறினால் கை விட்டுப் போகும் சலுகைகள்

அரசு பள்ளியில் படிக்கும் பிள்ளையை 6-ம் வகுப்பில் தனியார் பள்ளி பவுண்டேஷன் வகுப்புக்கு மாற்றும் போது, பீஸ் கணக்கை மட்டும் பார்க்கிறோம். கை விட்டுப் போகும் சலுகைகளை யாரும் சொல்வதில்லை.

* 7.5 சதவீத உள் ஒதுக்கீடு: 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் விரிவானது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களின் படிப்பு, விடுதி கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் 2021-ல் அறிவிக்கப்பட்டது. நடுவில் தனியார் பள்ளிக்கு போய் வந்தால் பொதுவாக இந்த தகுதி போய் விடும். கல்வி உரிமைச் சட்டத்தில் 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவச இடத்தில் படித்து, பிறகு அரசு பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த சட்டங்களில் சேர்க்கப்படவில்லை.

* தேசிய வருவாய்வழி திறன் உதவித்தொகை (என்.எம்.எம்.எஸ்.): அரசு மற்றும் உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். 8-ம் வகுப்பில் தேர்வு. வென்றால் 9 முதல் பிளஸ்-2 வரை ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய். 4 வருஷத்துக்கு 48 ஆயிரம் ரூபாய்!

* பெண் பிள்ளைகளுக்கு: 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்பட்டது. 6 முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே அதற்கும் அடிப்படை விதி. பின்னர் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டனர்.

* அரசு வேலை: பள்ளி, கல்லூரி முழுக்க தமிழ் வழியில் படித்தவர்களுக்கு தமிழக அரசு பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆங்கில வழிக்கு மாறினால் இதுவும் கிடையாது.

ஆகவே வீட்டில் ஒரு பேப்பரை எடுத்து இரண்டாக பிரித்து எழுத வேண்டும். ஒரு பக்கம் பீஸ், வேன், புத்தகம், யூனிபார்ம், டெஸ்ட் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு வருஷ செலவு; அதை 7-ஆல் பெருக்க வேண்டும். மறுபக்கம் மேலே சொன்ன சலுகைகள். வட்டிக்கு வாங்கித்தான் கட்ட முடியும் என்றால், 2-வது வருஷமே நிறுத்த வேண்டி வரலாம். பாதியில் நிறுத்தினால் பணமும் போகும், சலுகையும் போகும், பிள்ளை மனசும் உடையும்.

6-ம் வகுப்பில் தொடங்கினால்தான் ஐ.ஐ.டி.யா?

ஜே.இ.இ. தேர்வுக்கான பாடம் பெரும்பாலும் பிளஸ்-1, பிளஸ்-2 பாடம்தான். 6-ம் வகுப்பில் சேராவிட்டால் வாசல் மூடி விடும் என்பது உண்மை அல்ல. 10-ம் வகுப்பு வரை அந்தந்த வகுப்பு கணக்கை ஓட்டை இல்லாமல் படித்த பிள்ளை பிளஸ்-1-ல் தொடங்கினாலும் போட்டியில் நிற்க முடியும். ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலம், இந்தியில் மட்டுமே. எனவே கணக்கோடு ஆங்கிலத்தையும் மெல்ல மெல்ல பழக்க வேண்டும்.

பயிற்சி மையங்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதன்படி 16 வயதுக்கு கீழ் உள்ளவர்களை சேர்க்கக் கூடாது. ரேங்க் நிச்சயம், மார்க் நிச்சயம் என்று ஆசை காட்டக் கூடாது. பள்ளி நேரத்தில் வகுப்பு நடத்தக் கூடாது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வாரம் ஒரு நாள் லீவு விட வேண்டும். நடுவில் விலகினால் மீதி நாட்களுக்கான கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும். இவற்றை மாநில அரசுகள்தான் நடைமுறைக்கு கொண்டு வர வேண்டும். என்றாலும், எந்த வகுப்பில் சேர்ப்பதற்கு முன்பும் பெற்றோர் இதே விஷயங்களை கேட்கலாம்.

காசு இல்லாமலும் வழி உண்டு

கணக்கில் பசி உள்ள பிள்ளைக்கு அரசு பள்ளியில் இருந்து கொண்டே தீனி போட முடியும்.

8-ம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு தயாராவதே நல்ல பயிற்சி. 90 மதிப்பெண்ணுக்கு மனத்திறன், 90 மதிப்பெண்ணுக்கு பாடம் என 2 தாள்கள். மனத்திறன் தாளில் மனப்பாடம் எடுபடாது. 9-ம் வகுப்பில் கிராமப்புற பிள்ளைகளுக்கு ஊரக திறனாய்வு தேர்வு (டிரஸ்ட்). மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வு செய்யப்படுவர். அடுத்தது 2023-ல் பிளஸ்-1 மாணவர்களுக்காக தொடங்கிய முதல்-அமைச்சரின் திறனாய்வு தேர்வு. இதில் 60 கேள்விகள் கொண்ட ஒரு தாளே முழுக்க கணக்குதான். 500 மாணவர், 500 மாணவியருக்கு பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10 ஆயிரம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

கணக்கே உயிர் என்று இருக்கும் பிள்ளைக்கு ஒலிம்பியாட் பாதை இருக்கிறது. 8-ம் வகுப்பில் இருந்து எழுதக்கூடிய ஐ.ஓ.கியூ.எம். தேர்வில் 3 மணி நேரத்தில் 30 கேள்விகள். நுண்கணிதம் போன்ற மேல் வகுப்பு பாடம் தேவையில்லை. அவரவர் வகுப்பு கணக்கையே ஆழமாக யோசிக்க வைக்கும். வேகமாக மேலே ஓடுவதை விட, நின்ற இடத்திலேயே ஆழமாக தோண்டுவது பல பிள்ளைகளுக்கு நல்லது. சென்னையில் 1965-ல் தொடங்கப்பட்ட இந்திய கணித ஆசிரியர் சங்கமும் பள்ளி மாணவர்களுக்கு திறனறி போட்டி நடத்தி வருகிறது. பள்ளி மூலம் சேர முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்.

மேல் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டு பிள்ளையின் பழைய கணக்கு புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது கூட ஒரு வேக வகுப்புதான். தானாக எடுத்து போட்டுப் பார்க்கிறதா, தூசி பிடித்து கிடக்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்து விடும்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* நுழைவுத்தேர்வு வைத்து சேர்க்கிறார்களா? பணம் கட்டினால் போதும், எல்லோரையும் சேர்ப்போம் என்றால் அது வேக வகுப்பு அல்ல, வியாபாரம்.
* கணக்கு நடத்துபவர் யார்? போன வருஷம் இருந்தவர் இந்த வருஷமும் இருக்கிறாரா?
* போன வருஷம் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் நடுவில் விலகினார்கள்? (பேனரில் இருக்கும் 2 முகங்களை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.)
* பிடிக்கவில்லை என்றால் சாதாரண வகுப்புக்கு மாற முடியுமா? பணம் திரும்ப வருமா? எழுத்தில் தருவார்களா?
* பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு வேன் ஏற வேண்டும், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு வரும்? தூக்கம் எத்தனை மணி நேரம்?

எப்போது நிறுத்த வேண்டும்?

சேர்த்த பிறகும் 3 மாதம் கண்காணிக்க வேண்டும். டெஸ்ட் நாளில் வயிற்று வலி என்று படுப்பது, கணக்கு நோட்டை மறைப்பது, பக்கத்தில் இருப்பவனை பார்த்து எழுதுவது, விளையாட போவதையே விட்டு விடுவது, மற்ற பாடங்களில் மார்க் சரிவது... இவை எல்லாம் சிவப்பு விளக்கு. 'இவ்வளவு பணம் கட்டியாச்சே' என்று பிள்ளையை அடித்து அனுப்பக் கூடாது. போன பணம் போகட்டும். கணக்கு மேல் வெறுப்பு வந்து விட்டால் அதை எந்த டியூஷனும் திரும்ப கொண்டு வராது.

மாறாக, வீட்டுக்கு வந்ததும் 'இன்னிக்கு ஒரு கணக்கு போட்டோம்ப்பா' என்று தானே சொல்லிக் காட்டினால் சரியான இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முடிவாக, அடிப்படை கெட்டியாக இருந்து, பிள்ளையே ஆசைப்பட்டு, கடன் வாங்காமல் கட்ட முடிந்து, நிறுத்தினால் திரும்பி வர வழியும் இருந்தால் சேர்க்கலாம். இந்த நான்கில் ஒன்று இல்லை என்றாலும் ஒரு வருஷம் பொறுப்பது நல்லது. ஒரு வருஷம் தாமதித்தால் கணக்கு எங்கேயும் ஓடிப் போய்விடாது. அந்த ஒரு வருஷத்தில் பின்னமும் விகிதமும் சரியாக பிடிபட்டால் அதை விட பெரிய பவுண்டேஷன் வேறு இல்லை.